கொத்துனானா, கொத்துனாளா?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பாறையில் கொத்திய பழைய ஓவியங்களைப் பற்றிய இந்தக் கட்டுரையை மூன்று முறை தொடங்கிவிட்டேன். மூன்று முறையும் இரண்டாவது பத்தியில், ஒரே மாதிரி வாக்கியத்தில் வந்து மாட்டிக்கொண்டது. "அந்தச் சிவப்புப் பாறையில் இந்த ஆட்டைக் கொத்தியவன்" என்று எழுதுவேன். உடனே காதுக்குள் அம்மாவின் குரல் கேட்கும்: "கொத்துனானா, கொத்துனாளா? நீ பாத்தியா?" ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் வினைச்சொல் என்னை எதுவும் கேட்டிருக்காது. தமிழில் ஒருவரைப் பற்றி எழுதினால், மரியாதைக்கு 'ஆர்' போடாத வரை, வினை முடிகிற இடத்தில் ஆணா பெண்ணா என்று சொல்லித்தான் ஆக வேண்டும். "கொத்தினார்கள்" என்று பலர்பாலில் நழுவலாம்தான். ஆனால் ஒரு ஆட்டை ஒரு கைதான் கொத்தியிருக்கும். அது தெரிந்த பிறகு பலர்பால் போடுவது, திருமணப் பத்திரிகையில் 'மற்றும் குடும்பத்தார்' என்று போடுகிற மாதிரி இருக்கிறது.

போன நவம்பரில் அம்மா இங்கே எங்களோடு இருந்தார். ஆறு மாத விசாவில் மூன்றாவது மாதம். டிஸ்னிலாண்ட், கோயில், காஸ்ட்கோ எல்லாம் முடிந்து, "அடுத்து என்ன?" என்று நாங்களும் "எப்படா ஊருக்குப் போவோம்?" என்று அவரும் நினைக்கத் தொடங்குகிற கட்டம். இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம், பாறை ஓவியம் இருக்கிற இடம், வேலி ஆஃப் ஃபயர் என்றேன். "வேலியா? யாரு போட்ட வேலி?" என்றார். பள்ளத்தாக்கு என்று விளக்கியதும் அடுத்த கேள்வி வந்தது. "சின்னதுல தரையில பாய் போட்டா அழுவ. கட்டில் வேணும், மெத்தை வேணும்ப. இப்ப காசு குடுத்து மண்ணுல போய் படுக்கறியா கண்ணு?" என் மனைவி சிரிப்பை அடக்க அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். மகள் மட்டும் பாட்டியின் ஸ்வெட்டரை ஏற்கெனவே பையில் வைத்திருந்தாள்.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்திலிருந்து கிளம்பினால் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். லாஸ் வேகஸைத் தாண்டி வடகிழக்கே 50 மைல் போல. நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றுமே இல்லை, சாம்பல் நிற மண்ணும் முட்புதரும்தான். பிறகு ஒரு திருப்பத்தில் சட்டென்று சிவப்பு. 15 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு மணல்மேடுகளாக இருந்து இறுகிப் பாறையான இடம், இரும்பு கலந்ததால் இந்த நிறம் என்றெல்லாம் நான் வண்டி ஓட்டிக்கொண்டே பேசினேன். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "செங்கல் சூளை சரிஞ்சு கெடக்கற மாதிரி இருக்கு" என்றார். சேலத்துக்காரர்; சூளை பார்த்து வளர்ந்தவர். அதைவிடச் சரியான வர்ணனையை நான் இதுவரை எங்கும் படிக்கவில்லை.

கூடாரம்

இரண்டு முகாமிடங்கள் உண்டு. நாங்கள் போட்டது அட்லாட்டில் பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறதில்; அட்லாட்டில் என்றால் ஈட்டியெறி கோல். கேட்க 'வனாந்தரம்' மாதிரி மிரட்டினாலும் ஒவ்வொரு இடத்துக்கும் கூரை போட்ட மேசை, கரியடுப்பு, நடக்கிற தூரத்தில் குழாய், வெந்நீர்க் குளியலறை. மூன்று பக்கமும் பாறைச் சுவர். காற்று மட்டும்தான் எதிரி. முதல் மாலை கூடாரத்தின் வெளித்துணியைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக்காரரின் நாய் மேல் போட்டது. அம்மா எழுந்து போய் நாலு மூலையிலும் பெரிய கல் வைத்தார். கடையில் விற்கிற முளைக்குச்சி மணலில் நிற்காது என்பதை நான் ஒரு மணி நேரம் போராடிக் கண்டுபிடித்தேன். அவர் கையால் மண்ணை ஒரு தரம் அள்ளிப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

அந்தப் பூங்காவில் எனக்கு மிகவும் பிடித்த விதி, பகலில் வருகிறவர்கள் பொழுது சாய்ந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்பது. கூடாரம் போட்டவர்கள் மட்டும்தான் இருக்கலாம். ஐந்து மணிக்கெல்லாம் வண்டிகள் வரிசையாகப் போய்விட, அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு கைப்பிடி ஆட்கள் மிஞ்சினோம். தென்மேற்கில் வேகஸின் வெளிச்சம் அடிவானத்தில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது, மற்ற பக்கமெல்லாம் நட்சத்திரம். கரியடுப்பில் கத்திரிக்காய் சுட்டு, தோலை உரித்து, உப்பும் பச்சைமிளகாயும் போட்டு அம்மா கடைந்தார். பூண்டு நசுக்கக் கல் தேடினார். மேசைக்குப் பக்கத்திலிருந்த பாறையில் வைத்து நசுக்கப்போனவரை, "அதுல வேணாம்மா, இங்க எதையும் பண்ணக் கூடாது" என்று நிறுத்தினேன். "பூண்டு நசுக்குனா மலை கொறஞ்சுடுமா?" என்றவர் கடைசியில் டம்ளர் அடியால் நசுக்கினார். அது அந்தப் பயணத்தின் முதல் 'கூடாது'. இரண்டாவதுதான் பெரிய தவறாகப் போனது.

தொடாதே

மறுநாள் காலை அணில் ஒன்று மேசைக்கே வந்து எங்கள் இட்லியைப் பார்த்தது. நம்மூர் அணில் மாதிரியே, ஆனால் விலாவுக்கு ஒரு வெள்ளைக் கோடுதான். "இங்க வர்றப்ப ராமருக்கு விரல் வலிச்சிருச்சாட்டம் இருக்கு" என்றார் அம்மா. நல்ல மனநிலையில் இருந்தார். அந்த நல்ல மனநிலையோடுதான் மவுஸஸ் டேங்க் என்கிற இடத்துக்குப் போனோம்.

மவுஸ் என்றால் எலி இல்லை, ஒரு மனிதனின் பெயர். 1890-களில் தேடப்பட்ட பையூட் என்கிற அமெரிக்கப் பழங்குடி இனத்துக்காரன் ஒருவன் இங்கே ஒளிந்திருந்தானாம். ஒளிய முடிந்ததற்குக் காரணம், பாறை இடுக்கில் ஒரு குழி. மழை பெய்தால் மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும். அந்தக் குழிக்குப் போகிற ஓடைத் தடம்தான் நடைபாதை. போக வர ஒரு மைல்கூட வராது, ஆனால் சொரசொரவென்று கால் புதைகிற சிவப்பு மணல். இரண்டு பக்கமும் பாறை. கொஞ்சம் நிமிர்ந்தால், கறுத்த பாறை முகங்களில் ஆடுகள். வளைந்த கொம்புள்ள மலையாடுகள். பாதங்கள், சுழிகள், வட்டத்துக்குள் வட்டம், கைகோத்து வரிசையாக நிற்கிற ஆட்கள்.

அந்தக் கறுப்பு, பாறையின் நிறமில்லை. இரும்பும் மாங்கனீசும் களிமண்ணும் சேர்ந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்லப் படிகிற மெருகு. அதைக் கொத்தி எடுத்தால் உள்ளே இருக்கிற வெளிர்சிவப்பு தெரியும். அதுதான் ஓவியம். நான் இதை விளக்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அம்மாவே, "பழகின தோசைக்கல்ல கரண்டியால சொரண்டுன மாதிரி" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு ஆட்டுக்கு நேராகக் கையைக் கொண்டுபோனார். தொடவில்லை. இரண்டு அங்குல தூரத்தில் விரல்கள் இருந்தபோது நான் கத்தினேன்.

"தொடாதம்மா!"

கத்தினேன் என்பது மிகையில்லை. அந்த இடுக்கில் குரல் எதிரொலிக்கும். எதிரே வந்த ஒரு வயதான தம்பதி நின்று பார்த்தார்கள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார், சின்னப் பெண் திருடி மாட்டிக்கொண்ட மாதிரி. கையில் இருக்கிற எண்ணெய்ப் பசை பட்டுப்பட்டு ஓவியம் கெட்டுப்போகும், அதனால்தான் தொடக் கூடாது. நான் சொன்னதில் தவறில்லை. இன்னும் சொல்லப்போனால், பக்கத்திலேயே ஒரு பாறையில் யாரோ ஒருவர் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கீறி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு அந்தக் கோபத்தோடு நடந்துகொண்டிருந்தேன். ஆனால் 68 வயதுக்காரரிடம் அந்தக் குரலில் பேசியது நானா, இந்த நாட்டில் பதினெட்டு வருடம் அறிவிப்புப் பலகைகளுக்குப் பயந்து வாழ்ந்த பழக்கமா என்று இன்னும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. குற்றவுணர்ச்சியை மறைக்க நான் நிறையப் பேசினேன். வேட்டைக்காரர்கள் வரைந்தது, வேட்டைக்குப் போகும் முன் ஆட்டை வரைந்து வேண்டிக்கொண்டிருப்பான், அவன் இப்படி, அவன் அப்படி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குழியில் தண்ணீர் இருந்தது. கொஞ்சம்தான், பாசி நிறத்தில். அதை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார்.

மாலையில் அட்லாட்டில் பாறைக்கும் போனோம். இரும்புப் படிக்கட்டு ஏறினால் உயரத்தில் ஒரு பெரிய முகப்பு. அதில் ஈட்டியெறி கோல் ஒன்றின் உருவம். கவணில் கல் வைத்து எறிவது போல, கோலின் நுனியில் ஈட்டியைப் பொருத்தி வீசினால் கை இன்னும் ஒரு முழம் நீண்ட வேகம் கிடைக்கும். வில் வந்த பிறகு இது வழக்கொழிந்தது. இந்தப் பக்கத்துக்கு வில் வந்தே ஏறக்குறைய 1500 ஆண்டுகள் ஆகிறது. எனவே அந்தக் கோலைக் கொத்திய கை அதற்கும் முந்தியதாக இருக்கலாம். இதையும் சொன்னேன். அம்மாவுக்கு முட்டிவலி, அவர் ஏறாமல் கீழேயே இருந்தார். கூடவே மனைவியும் இருந்துகொண்டாள். மேலே நான் மகளிடம் "அவன்" பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அம்மி

அன்றிரவுதான் அம்மா பேசினார். தீ தணிந்து கரி சிவந்திருந்தது. மகள் தூங்கிவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவர் வேறெங்கோ இருந்தார்.

"நான் அத தொடப் போகல. கொத்து எவ்ளோ ஆழம்னு பாத்தேன்" என்றார். "புள்ளி புள்ளியா இருந்துச்சு பாத்தியா? கீறுனது இல்ல அது. கொத்துனது. அம்மி கொத்தறாப்ல."

சேலத்தில் எங்கள் தெருவுக்கு அம்மி கொத்துகிறவர் வருவது எனக்கும் மங்கலாக ஞாபகம் இருக்கிறது. "அம்மி கொத்தலையோ அம்மி, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று மத்தியானத்தில் வெயிலோடு வருகிற குரல். எனக்கு அந்தக் குரல் மட்டும்தான். அம்மாவுக்கு அந்தக் கை ஞாபகம் இருந்தது. இடுப்பில் பிள்ளை, தோளில் பை. பிள்ளையைத் திண்ணையில் இறக்கி விட்டு, ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அம்மிக்கு எதிரே ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி உட்கார்வாளாம். சில்லு கண்ணில் தெறிக்காமலிருக்க முந்தானையை முகத்தில் சுற்றி, ஒரு கண்ணை மட்டும் பாதி திறந்து வைத்திருப்பாளாம். முதலில் ஓரத்தில் வரிசை பிடித்து, பிறகு நடுவுக்கு வருவது. ஓங்கி அடிக்கக் கூடாது, கல் பிளந்துவிடும். உளி ஒரே சாய்மானத்தில் நிற்க வேண்டும், டொக் டொக் டொக் என்று ஒரே தாளம். தாளம் மாறினால் உள்ளேயிருந்து பாட்டி, "என்ன தூங்கறயா?" என்று கேட்பாராம். முடிந்ததும் தவிட்டை வைத்து ஒரு முறை அரைத்துக் கொட்டி, பிறகு ஒரு பிடி அரிசி அரைத்துக் கொட்டி, அதற்குப் பிறகும் முதல்நாள் சட்னியில் மணல் நறநறக்கும்.

"காலைல அந்த ஆட்ட பாத்ததும் எனக்கு அந்தத் தாளம்தான் கேட்டுச்சு. கழுத்துகிட்ட புள்ளி நெருக்கமா இருந்துச்சு, வால்கிட்ட வர்றப்ப தள்ளித் தள்ளி. கை வலிச்சிருக்கு. நீ என்னமோ அவன் அவன்னு சொல்லிட்டே வந்த. கொத்துனானா, கொத்துனாளா? நீ பாத்தியா?"

நான் வேட்டை என்றேன், ஆடு என்றேன். "ஆடு வரைஞ்சா ஆம்பளையா? வாசல்ல மயில் கோலம் போடறவ மயிலப் புடிச்சு தின்னா?" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை இன்றுவரை விடவில்லை. "அந்த வழி எங்க போகுது? தண்ணிக்கு. படம் பூரா தண்ணிக்குப் போற வழியிலதான இருக்கு. தண்ணிக்குப் போறது யாரு?"

இது ஆதாரமில்லை என்று எனக்குத் தெரியும். தண்ணீருக்கு ஆட்டைத் தேடி வேட்டைக்காரனும் போவான். மலையாடும் அங்கேதான் வரும். சடங்குக்காகப் போயிருக்கலாம். ஆனால் என் "அவன்" மட்டும் என்ன ஆதாரத்தில் வந்தது? படித்த எந்தப் பலகையிலும் அப்படி இல்லை. என் வினைச்சொல்லில்தான் இருந்தது, நானே வைத்தது. பிறகு வீட்டுக்கு வந்து தேடியபோது, டீன் ஸ்னோ என்கிற அமெரிக்கத் தொல்லியலாளர் பிரான்ஸ், ஸ்பெயின் குகைகளிலுள்ள 32 கைத்தடங்களின் விரல் நீளங்களை அளந்து, முக்கால்வாசி பெண்களுடையவை என்று 2013-இல் எழுதியது கண்ணில் பட்டது. அந்த முடிவை மறுப்பவர்களும் உண்டு. அது வேறு கண்டம், வேறு காலம். நெவாடாவின் ஆட்டுக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் அந்தச் செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அளந்து பாத்துதான் சொல்லணுமாக்கும்" என்றார்.

ஓவர்டன்

மூன்றாம் நாள் காலை கூடாரத்தைப் பிரித்துவிட்டு, கிழக்கு வாசல் வழியாக ஓவர்டன் என்கிற சிற்றூருக்குப் போனோம். அங்கே 1935-இல் பச்சைமண் கல்லால் கட்டிய ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, பெயர் லாஸ்ட் சிட்டி. ஹூவர் அணை கட்டியபோது நீர்த்தேக்கத்தில் முங்கிப்போன பியூப்லோ என்கிற பழங்குடி மக்களின் பழைய குடியிருப்புகளில் தோண்டியெடுத்ததை வைக்கக் கட்டியது. அதே நீர்த்தேக்கம் செயின்ட் தாமஸ் என்கிற குடியேறிகளின் ஊரையும் விழுங்கியது; தண்ணீர் வற்றியபோது அதன் அஸ்திவாரங்கள் வெளியே வந்தன. மேட்டூர் அணையும் கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில்தான் முடிந்தது, 1934-இல். பண்ணவாடியில் தண்ணீர் இறங்கினால் நந்தி தலை தெரியும் என்று ஆண்டுதோறும் பேப்பரில் படம் போடுவார்களே, அதை அம்மா நேரில் போய்ப் பார்த்தவர். மூழ்கிய ஊர் என்றதும் வேறு விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

உள்ளே பானைகள், கூடைத் துண்டுகள், அம்பு முனைகள். அந்த ஆதி மக்களை ஆய்வாளர்கள் 'கூடை முடைவோர்' என்று சொல்வார்கள் என்று மகளுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். முடைவோர். முடைந்தவனும் இல்லை, முடைந்தவளும் இல்லை. அந்த 'ஓர்' எவ்வளவு வசதியான விகுதி என்று அப்போதுதான் தோன்றியது. திரும்பினால் அம்மா ஓர் இடத்தில் அசையாமல் நிற்கிறார். எதிரே நீள்சதுரமான ஒரு கல். நடுவில் நீளவாக்கில் தேய்ந்து குழி விழுந்தது. அதன் மேல் இரண்டு கையாலும் பிடித்து உருட்டுகிற இன்னொரு கல்.

"அம்மிக்கல்லுடா" என்றார். குரல் உடைந்திருந்தது.

சோளம் அரைக்கிற கல். மெட்டாட்டே என்று பெயர். நாம் அம்மிக்கு முன் குந்தி உட்கார்வோம், அவர்கள் மண்டியிட்டு அரைத்திருக்கிறார்கள். மற்றபடி அதே முன்னும் பின்னுமான தோள் அசைவு. அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். (தொட்டுவிடுவார் என்று நான் மறுபடி கத்துவேனோ என்று நினைத்துக் கட்டிக்கொண்டார் என்று நினைக்கிறேன். கேட்கத் தைரியம் வரவில்லை.) பிறகு அங்கே வேலை செய்த பெண்மணியிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: வழவழப்பானால் இதைக் கொத்துவார்களா? நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் கண்ணை அகல விரித்தார். ஆமாம், கெட்டியான ஒரு கல்லை எடுத்து மேற்பரப்பைக் கொத்திக் கொத்திச் சொரசொரப்பாக்குவார்கள், இல்லாவிட்டால் மாவு விழாது என்றார்.

நான் அதைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கையாலேயே செய்து காட்டினார், மணிக்கட்டை மட்டும் அசைத்து, டொக் டொக் என்று. அம்மாவும் பதிலுக்கு அதே மாதிரி அசைத்தார், கொஞ்சம் சாய்மானமாக. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கல்லைக் கொத்தத் தெரிந்த கை, தோதான பாறையைப் பார்த்தால் சும்மா இருக்குமா என்று அம்மா பிறகு வண்டியில் கேட்டார். அதற்கு ஐந்து மணி நேரமும் என்னிடம் பதில் இல்லை.

பிப்ரவரியில் அம்மா ஊருக்குப் போய்விட்டார். சேலத்து வீட்டில் மிக்ஸி வந்ததிலிருந்து அம்மி கொல்லையில் குழாயடியில் கிடக்கிறது, துணி துவைக்கிற கல்லாக. போன வாரம் தொலைபேசியில் பேசியபோது, அதைத் தேய்த்துக் கழுவிப் பார்த்தாராம், கண்ணாடி மாதிரி இருக்கிறதாம். கொத்துகிறவர்கள் இப்போது வருவதில்லை. கடைவீதியில் ஒரு உளி வாங்கி, முந்தானையை முகத்தில் சுற்றிக்கொண்டு தானே உட்கார்ந்துவிட்டார். நேற்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது. அம்மியின் ஓரத்தில் ஒரு சாண் அளவுக்குப் புள்ளிகள், வரிசை கோணல்மாணலாக. மூலையில் தனியாக நாலு கால், ஒரு உடம்பு, தலை.

மகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டாள். "பாட்டி, அது ஆடா, நாயா?"

"ஆடுதான்டி. கொம்பு கொத்தறதுக்குள்ள கை விட்டுப்போச்சு."